மிச்ச மாத்திரை

ஜூன் 12, திங்கள்

மருந்துக் கம்பெனிக்காரன் ஜனவரியில் கொடுத்த டைரி இது. ஐந்து மாதமாக அட்டை பிரிக்காமல் கிடந்தது. இன்றுதான் அதற்கு வேலை வந்திருக்கிறது. என் மனைவி உலகம்மை ஒரு நாளைக்கு எத்தனை தடவை வயிற்றால் போகிறாள் என்று தினமும் குறித்து வைக்கச் சொல்லிவிட்டார் பாளையங்கோட்டை டாக்டர் மீரான். அம்பாசமுத்திரத்தில் முப்பத்தொரு வருஷம் மருந்துக்கடை நடத்திய ஆவுடையப்பனுக்கு வந்து வாய்த்த எழுத்து வேலை!

மே மாதக் கடைசியில் ஆரம்பித்தது. கல்லிடைக்குறிச்சிக் கல்யாணத்தில் சாப்பிட்ட பால்கோவாதான் காரணம் என்று எனக்குச் சந்தேகமே இல்லை. அதற்கு முந்தின வாரம் அவளுக்குப் பல்வலி. அதை நான் வீட்டிலேயே கவனித்துக்கொண்டேன். அதற்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது.

ஒன்பது தடவை.

ஜூன் 13, செவ்வாய்

பதினொன்று. கஞ்சி மட்டும் குடித்தாள். "கல்யாணத்துல ஐநூறு பேர் சாப்பிட்டாவ, எனக்கு மட்டுமா போவும்?" என்று கேட்டாள். நான் டம்ளரைக் கழுவப் போனேன்.

ஜூன் 16, வெள்ளி

பத்து.

இரண்டு நாள் பூட்டியிருந்த கடையை இன்று திறந்தேன். "அண்ணாச்சி, காச்சலுக்கு ஒரு செட்" என்று வரிசையில் நின்றார்கள். செட் என்றால் எங்கள் ஊரில் தெரியாதவர் கிடையாது. காய்ச்சல் மாத்திரை ஒன்று, சளி மாத்திரை ஒன்று, கிருமிக்கு ஆன்டிபயாட்டிக் ஒன்று, வயிறு புண்ணாகாமலிருக்க ஒன்று, எல்லாவற்றையும் ஒரு குட்டிக் காகித உறையில் போட்டு மடித்துக் கொடுப்பது. காலைக்கு ஒன்று, ராத்திரிக்கு ஒன்று. டாக்டரிடம் போனால் அரை நாள் போகும், அவர்கள் என்ன செய்வார்கள் பாவம். "வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு" என்று சொன்ன ஆள் எங்கள் கடைப் பக்கம் வந்ததில்லை போலிருக்கிறது.

செட் கொடுக்கக் கொடுக்கப் பட்டைகளில் இரண்டும் மூன்றுமாக மாத்திரை மிஞ்சும். வெட்டிய பட்டையை மொத்த வியாபாரி திருப்பி எடுக்க மாட்டான். காலாவதி நெருங்குகிறதை வீட்டுக்குக் கொண்டுவந்து பிரிட்ஜ் மேலிருக்கும் பிஸ்கட் டப்பாவில் போட்டு வைப்பேன். யாருக்காவது இருமல், சீதளம் என்றால் அந்த மாதம் எது தேதி முடிகிறதோ அது. நல்ல மருந்தைக் குப்பையில் போட எனக்கு மனசு வராது. என் மகன் செந்தூரன் டப்பாவுக்கு "அட்சய பாத்திரம்" என்று பெயர் வைத்திருக்கிறான்.

காலையிலிருந்து எனக்குத் தும்மல். டப்பாவில் செஃபிக்ஸிம் ஆன்டிபயாட்டிக் இரண்டு இருந்தது. ஒன்று போட்டேன்.

ஜூன் 20, செவ்வாய்

பரிசோதனை முடிவு வந்துவிட்டது. பால்கோவா இல்லையாம். பெருங்குடலில் ஒரு கிருமி பெருகிப் புண்ணாக்கியிருக்கிறது. குடலில் எப்போதும் கோடிக்கணக்கில் நல்ல கிருமிகள் குடியிருக்குமாம். அவை இருக்கிறவரை இந்தப் போக்கிரி தலை தூக்காது. நல்லதெல்லாம் செத்துவிட்டால் இதற்குக் கொண்டாட்டம்.

"நல்லது எப்படிச் செத்துது அண்ணாச்சி? இதுக்கு முந்தி ஏதாச்சும் ஆன்டிபயாட்டிக் குடுத்தீங்களா?" என்று கேட்டார் மீரான்.

"பல்லுக்கு ஒண்ணு ரெண்டு குடுத்தேன் டாக்டர்."

உலகம்மை என்னைத் திரும்பிப் பார்த்தாள். டப்பாவிலிருந்து கிளிண்டாமைசின் நாலு, அது தீர்ந்ததும் செஃபிக்ஸிம் ஐந்து, அப்புறமும் வீக்கம் குறையாததால் வேறொன்று ஆறு. எண்ணிப் பார்த்தால் ஒன்று இரண்டு இல்லைதான். ஆனால் அவர் எண்ணிக்கை கேட்கவில்லையே.

அந்தக் கிருமிக்கு வான்கோமைசின் மாத்திரை பத்து நாளைக்கு எழுதிக் கொடுத்தார். எட்டு தடவை.

ஜூன் 30, வெள்ளி

இரண்டே தடவை! சொதிக் குழம்பு கேட்டாள். வைத்துக் கொடுத்தேன். உப்பு கூடிவிட்டது என்று திட்டினாள். அவள் திட்டிக் கேட்டு ஒரு மாதமாகிறது, காதுக்குக் குளிர்ச்சியாக இருந்தது.

ஜூலை 9, ஞாயிறு

மறுபடியும் வந்துவிட்டது. பன்னிரண்டு.

ஜூலை 27, வியாழன்

இரண்டாம் சுற்று வான்கோமைசின் முடிந்து மூன்று நாளாகிறது. இன்று மூன்று தடவை. பரவாயில்லை என்றுதான் நினைக்கிறேன். சேலை இடுப்பில் நிற்கவில்லை என்று ஊக்கு குத்திக்கொள்கிறாள். நான் பார்க்காத நேரத்தில் குத்திக்கொள்வதாக நினைப்பு.

எனக்குத் தொண்டை கரகரப்பு. டப்பாவில் அஸித்ரோ மூன்று இருந்தது. மூன்று நாளைக்குச் சரியாக வரும்.

ஜூலை 31, திங்கள்

பதினாலு. ரத்தம் கலந்து போகிறது. இரண்டாவது தடவையாகத் திரும்பியிருக்கிறது. மீரான் மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். தான் வாரத்தில் பாதி நாள் அங்கே வருவதால் தானே பார்த்துக்கொள்வதாகவும் சொன்னார்.

நான் இந்த மனுஷியோடு இருபத்தெட்டு வருஷம் குடும்பம் நடத்தியிருக்கிறேன். வலிக்கிறது என்று அவள் சொல்லிக் கேட்டதில்லை. இன்று சொன்னாள்.

ஆகஸ்ட் 3, வியாழன், மதுரை

என்ன சொல்லி எழுதுவது என்று தெரியவில்லை. படிக்கிறவர்கள் சிரிப்பார்கள்.

மாத்திரை இனிமேல் கேட்காதாம். ஒரே வழிதான் இருக்கிறது. ஆரோக்கியமான ஒருத்தருடைய மலத்தை எடுத்து, உப்புநீரில் கரைத்து வடிகட்டி, குழாய் வழியாக இவள் குடலுக்குள் விட வேண்டும். அதிலிருக்கும் நல்ல கிருமிகள் போய்க் குடியேறினால் போக்கிரி அடங்கிவிடும். அதுவும் பலிக்காவிட்டால் பெருங்குடலை வெட்டி எடுக்க வேண்டியதுதான். இப்போதிருக்கும் உடம்புக்கு அவள் அந்த ஆபரேஷனைத் தாங்குவாளா என்று மீரான் சொல்லவில்லை. அவர் முகத்தைப் பார்த்து நானே தெரிந்துகொண்டேன்.

"ஊருல சிறுநீரகம் குடுக்கான், ஈரல் குடுக்கான். நமக்கு வந்து வாச்சதப் பாருங்க" என்றாள் உலகம்மை, சிரிக்க முயற்சி செய்தபடி.

"நான் தாரேன்" என்றேன். அறுபது வயது ஆகப்போகிறது, சர்க்கரை இல்லை, கொதிப்பு இல்லை, ஒரு நாள் ஆஸ்பத்திரியில் படுத்ததில்லை. என்னை விட ஆரோக்கியமானவன் யார்?

ஆகஸ்ட் 4, வெள்ளி

பரிசோதனைக் கூடத்துக்குப் போனோம். நானும் செந்தூரனும் மாதிரி கொடுத்தோம். அங்கே டாக்டர் ஜெஸிந்தா என்று ஒரு அம்மாள். நாற்பது வயது இருக்கும், நாசரேத்துக்காரர். கிருமி வளர்க்கும் வட்டத் தட்டை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தே இன்ன கிருமி என்று பாதி சொல்லிவிடுகிறார். கை நடுங்காமல் கம்பியால் தட்டில் கோடு இழுப்பதைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே நின்றேன். மார்கழிக் கோலம் போடுகிற கைக்கு உள்ள நிதானம் அது.

நாற்பது கேள்வி கொண்ட படிவம் ஒன்றைக் கொடுத்தார்கள். "கடந்த மூன்று மாதத்தில் ஆன்டிபயாட்டிக் எடுத்துக்கொண்டீர்களா?" இல்லை என்று டிக் போட்டேன். தும்மலுக்கும் தொண்டைக்கும் போட்டதெல்லாம் ஒரு மருந்தா?

பதின்மூன்று தடவை. குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருக்கிறது.

ஆகஸ்ட் 9, புதன்

காலை பதினொரு மணிக்குக் கூப்பிட்டார்கள். எந்த நாளைக்குத் தயாராக வேண்டும் என்று கேட்கப் போகிறார்கள் என நினைத்துச் சவரம் செய்துகொண்டு போனேன்.

ஜெஸிந்தா மேஜைமேல் ஒரு வட்டத் தட்டை வைத்தார். தட்டு முழுக்க வெளிறிய படலம். அதன்மேல் வெள்ளைப் பொட்டுக்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று எழுத்து. ஒவ்வொரு பொட்டும் ஒரு மருந்து என்று அவர் சொல்லத் தேவையே இருக்கவில்லை. எழுத்தைப் பார்த்தே மருந்தைச் சொன்னேன். மடமடவென்று பன்னிரண்டையும் சொல்லிவிட்டேன். பெருமையாகக்கூட இருந்தது, வெட்கம் கெட்டவன்.

"மருந்து வேல செஞ்சா பொட்டச் சுத்திக் கிருமி வளராது சார். வட்டமா வெறும் இடம் தெரியும்" என்றார்.

பன்னிரண்டில் இரண்டைச் சுற்றித்தான் நிலா கோட்டை கட்டின மாதிரி வட்டம் இருந்தது. மற்ற பத்துப் பொட்டுக்கும் ஒட்டி உரசிக்கொண்டு படலம் வளர்ந்திருந்தது. என் கடை அலமாரியின் நடுத் தட்டு மொத்தமும் அந்தப் பத்தில் அடக்கம்.

"இது யாருது?"

"உங்களுது சார்."

எனக்கு ஒரு கோளாறும் இல்லையே, என்னுடைய மாதிரி மாறியிருக்கும் என்று சத்தம் போட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "உங்களுக்கு ஒண்ணும் செய்யாது சார். நீங்க நல்லாத்தான் இருப்பீங்க. அதனாலதான் யாருக்கும் தெரியறதில்ல. அது பாட்டுக்குக் குடலுக்குள்ள இருக்கும். ஒவ்வொரு தடவ மருந்து உள்ள போகும்போதும் சாகறது சாகும், தாங்கறது தங்கும். தங்கினதுக்கு இடம் தாராளம். தாங்கற வித்தையத் தனக்குன்னு வச்சிக்கவும் செய்யாது. பக்கத்துல இருக்கற வேற சாதிக் கிருமிக்கும் குடுத்துரும்."

ஊரில் இல்லாத ஒற்றுமை! கோபமாக வந்தாலும் ஒரு கடைக்காரனாக எனக்கு மலைப்பாக இருந்தது. கண்ணுக்குத் தெரியாத ஒன்று, மூளை கிடையாது, படிப்பு கிடையாது. உலகத்துக் கம்பெனிகள் கோடி கோடியாகப் போட்டுக் கண்டுபிடித்த மருந்துகளை ஒவ்வொன்றாக ருசி பார்த்து, தாங்கப் பழகி, பழகியதை ஊருக்கே சொல்லிக் கொடுக்கிறது.

செந்தூரன் தட்டும் அதே மாதிரிதான் இருந்ததாம். "ஒரே வீடு, ஒரே கக்கூஸ், ஒரே சமையல். கைக்குக் கை பழகிக்கிடும் சார்" என்றார்.

பிறகு படிவத்தை எடுத்துப் பார்த்தார். "மூணு மாசத்துல எந்த மருந்தும் எடுக்கலன்னு போட்டிருக்கீங்க."

"எடுக்கலம்மா" என்றேன்.

அவர் அதை மறுபடி கேட்கவில்லை. படிவத்தை மூடி வைத்தார்.

உலகம்மைக்கு இன்று எத்தனை தடவை என்று குறிக்க மறந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 10, வியாழன்

காலையில் வேப்பமரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து யோசித்தேன். பரிசோதனை இல்லாமல் என் வார்த்தையை மட்டும் நம்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? புண்ணாகிக் கிடக்கும் அவள் குடலுக்குள் பத்து மருந்துக்கு அடங்காத கூட்டத்தை என் கையாலேயே அனுப்பியிருப்பேன். அது ரத்தத்தில் கலந்திருந்தால் கொடுக்க மருந்து இருந்திருக்காது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தேன். அந்தச் சோறு அவளுடையது.

எழுந்து போய் ஜெஸிந்தாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தும்மல், தொண்டை, பல், டப்பா, செட், முப்பத்தொரு வருஷம். அவர் எழுதிக்கொண்டே வந்தார், நடுவில் ஒரு தடவைகூட முகம் சுளிக்கவில்லை. முடித்ததும் தண்ணீர் கொடுத்தார். "நேத்தே எனக்குத் தெரியும் சார். தட்டு பொய் சொல்லாது. ஆனா நீங்களா வந்து சொன்னா நல்லாருக்கும்னு நெனச்சேன்."

எட்டு மணி நேரம் நின்றுகொண்டே வேலை செய்கிற அம்மாள். ஊர் மொத்தமும் மூக்கைப் பொத்திக்கொள்ளும் பொருளை முன்னால் வைத்துக்கொண்டு, அதில் ஒரு உயிர் பிழைக்க வழி இருக்கிறதா என்று தேடுகிறார். அவரைக் கும்பிடத் தோன்றியது. கும்பிட்டேன்.

"உலகம்மாவுக்கு கூடப் பொறந்தவங்க யாராவது இருக்காங்களா? அடிக்கடி மருந்து எடுக்காதவங்களா?" என்று கேட்டார்.

இருக்கிறாள்.

பதினைந்து தடவை. நாற்பத்தொரு கிலோ.

ஆகஸ்ட் 11, வெள்ளி, பாளையங்கோட்டை

உலகம்மையின் தங்கை பிரமநாயகி. பெண்கள் பள்ளியில் விளையாட்டு டீச்சர். நான் அவளோடு பேசி ஆறு வருஷமாகிறது.

ஆறு வருஷத்துக்கு முன் தீபாவளிக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது அவள் பிள்ளைக்குக் காய்ச்சல். நான் டப்பாவிலிருந்து ஆன்டிபயாட்டிக் சிரப் எடுத்துக் கொடுத்தேன். "என்ன காச்சல்னே தெரியாம எதுக்கு அத்தான் இது?" என்று கேட்டுவிட்டு, சொந்தக்காரர்கள் பத்துப் பேர் பார்க்க, பாத்திரம் கழுவும் தொட்டியில் ஊற்றிவிட்டாள். என் கையால் கொடுத்த மருந்தை! "இனி என் வாசப்படி மிதிக்காத" என்று சொல்லிவிட்டேன். மிதிக்கவில்லை. அக்காளும் தங்கையும் போனில் பேசிக்கொள்வது எனக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருந்துகொண்டேன். அந்தப் பிள்ளைக்கு வந்தது டெங்கு என்று பிறகு தெரிந்தது. ஆன்டிபயாட்டிக் கேட்காத காய்ச்சல். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, டைரியிலாவது எழுதி வைக்கிறேன்.

பஸ்ஸில் வரும்போது எப்படிக் கேட்பது என்று ஒத்திகை பார்த்தேன். பொண்ணு கேட்டுப் போயிருக்கிறேன், இடம் கேட்டுப் போயிருக்கிறேன். இதற்கு வார்த்தை கிடையாது.

கதவைத் திறந்தவள் என்னைப் பார்த்ததும் நிலையைப் பிடித்துக்கொண்டாள். "அக்காவுக்கு என்ன அத்தான்?"

"இருக்கா. உள்ள வரலாமா?"

நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து சொன்னேன். மீரான் சொன்னது, தட்டு, நானும் செந்தூரனும் தேறாதது. கடைசியில் கேட்க வேண்டியதைக் கேட்டேன். தலையைத் தூக்கவில்லை.

சிரிப்புச் சத்தம் கேட்டது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், கண்ணில் தண்ணீர் கொட்டியது.

"ஆறு வருஷம் கழிச்சு என் வீட்டு வாசல்ல வந்து நின்னு கேக்கதுக்கு உங்களுக்கு இதுவா அத்தான் கிடைச்சுது!"

நானும் சிரித்துவிட்டேன். பிறகு அவள் உண்மையாகவே அழுதாள்.

"நாளைக்குக் காலம்பற முத பஸ்ஸுல வாரேன். என்னலாம் சோதிக்கணுமோ சோதிக்கட்டும்" என்றாள்.

கடைசியாக எப்போது ஆன்டிபயாட்டிக் எடுத்தாய் என்று கேட்டேன். "எட்டு வருஷம் முந்தி. நிமோனியா வந்துச்சுல்லா, டாக்டர் சொன்ன பத்து நாளும் ஒண்ணு விடாம முழுங்குனேன். வேணும்னா முழுங்கணும். வேண்டாம்னா சும்மா கெடந்து எந்திரிக்கணும். இதுல என்ன அத்தான் இருக்கு?"

டி.பார்ம் படித்தவன் நான். கபடி சொல்லித் தருகிறவள் அவள். மன்னிப்புக் கேட்கத்தான் நினைத்தேன். காப்பி கொடுத்தாள், குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 12, சனி, மதுரை

பிரமு வந்து ரத்தமும் மாதிரியும் கொடுத்தாள். நாற்பது கேள்விக்கும் யோசித்து யோசித்துப் பதில் எழுதினாள். ஒரு கேள்விக்குச் சந்தேகம் வந்து வீட்டுக்காரருக்குப் போன் செய்து கேட்டுவிட்டு எழுதினாள்.

அக்காளும் தங்கையும் பார்த்துக்கொண்டார்கள். நான் வராந்தாவுக்குப் போய்விட்டேன். "சின்னப் புள்ளையில ஒரு பம்பரங்கூட எனக்கு விட்டுக்குடுக்க மாட்டா. இப்பம் குடுக்கா பாருங்க" என்று உலகம்மை நர்ஸிடம் சொல்வது கேட்டது.

பதினாறு.

ஆகஸ்ட் 15, செவ்வாய்

ஆஸ்பத்திரியில் கொடியேற்றி மிட்டாய் கொடுத்தார்கள். உலகம்மைக்கு ரத்த அழுத்தம் இறங்கிவிட்டது. சர்ஜன் வந்து வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு ஒரு கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமைக்குள் வேறு வழி இல்லாவிட்டால் ஆபரேஷன். பிரமுவின் முடிவு வர இரண்டு நாளாகும்.

"தங்கச்சிக்கும் இருந்துட்டா என்னங்க செய்ய?" என்று கேட்டாள்.

"இருக்காது" என்றேன். ஊரில் முக்கால்வாசிப் பேர் குடலில் என்ன இருக்கிறதென்று யாருக்குத் தெரியும்? இந்த மதுரையில், இந்த வார்டில், வராந்தாவில் இட்லி சாப்பிடுகிற இத்தனை பேருக்குள்ளும். பயமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 17, வியாழன்

ஜெஸிந்தாவே மாடியேறி வார்டுக்கு வந்தார். கையில் மூடி போட்ட ஒரு தட்டு. ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்.

"என்ன தெரியுது சார்?"

"ஒண்ணுமில்லையேம்மா."

"அதான் சார்! மருந்து கலந்த தட்டு இது. மருந்துக்கு அடங்காதது இருந்திருந்தா வளர்ந்திருக்கும். மூணு தட்டு வச்சேன், மூணும் சுத்தம். ரத்தமும் நல்லாருக்கு. ரொம்ப நாளாச்சு நான் இப்படி ஒண்ணு பார்த்து."

வெறும் தட்டை அவ்வளவு ஆசையாக ஒருத்தர் பார்த்து நான் பார்த்ததில்லை. நானும் பார்த்தேன். கோயிலில் தீபாராதனைத் தட்டைப் பார்ப்பதுபோல உலகம்மை கண்ணில் ஒற்றிக்கொள்ளப் போனாள். "ஐயோ தொடாதீங்கம்மா" என்று ஜெஸிந்தா இழுத்துக்கொண்டார்.

ஆகஸ்ட் 18, வெள்ளி

காலை ஒன்பது மணிக்குப் பிரமு தன் கடமையை முடித்தாள். ஒரு வாரமாக வெறும் இட்லியும் கீரையும் வாழைப்பழமும்தான் சாப்பிட்டிருக்கிறாள், மேட்ச்சுக்குப் போகிற மாதிரி. ஜெஸிந்தா முகமூடி போட்டுக்கொண்டு கரைத்து, வடிகட்டி, பெரிய ஊசிக் குழல்களில் நிரப்பினார். மீரான் குழாய் வழியாக விட்டார். முக்கால் மணி நேரம். உலகத்திலேயே மட்டமான பொருள் என்று நாம் நினைக்கிறதை நாலு படித்தவர்கள் தங்கம்போல் ஏந்திக்கொண்டு போனார்கள்.

பிரமு வெளியே உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

ஆகஸ்ட் 19, சனி

ஏழு.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

நாலு.

ஆகஸ்ட் 21, திங்கள்

இரண்டு. ரத்தம் இல்லை. ஆபரேஷனுக்குச் சர்ஜன் வாங்கி வைத்திருந்த கையெழுத்துக் காகிதத்தை மீரான் கிழித்துப் போட்டார். நான் கழிப்பறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

ஆகஸ்ட் 29, செவ்வாய், அம்பாசமுத்திரம்

வீட்டுக்கு வந்துவிட்டோம். ஒரே ஒரு தடவை, அதுவும் கெட்டியாக. இனி இதை எழுத வேண்டியதில்லை என்று மீரான் சொல்லிவிட்டார். பழகிவிட்டது, எழுதுகிறேன்.

டப்பாவைக் காலி செய்து, மதுரையில் மருந்துக் கழிவை எரிக்கிற இடத்துக்கு அனுப்பச் செந்தூரனிடம் கொடுத்தேன். என் குடலில் உள்ளது போக மாதக்கணக்கில் ஆகலாம், போகாமலும் இருக்கலாம் என்றார் ஜெஸிந்தா. அதைத் துரத்த மருந்து சாப்பிட்டால் இன்னும் கூடுமாம். சோப்புப் போட்டுக் கை கழுவுவதும், வேண்டாத மருந்தைத் தொடாமலிருப்பதும்தான் வழி.

சாயங்காலம் உலகம்மை பக்கத்தில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் சொன்னேன். படிவத்தில் பொய் எழுதினதையும் சொன்னேன். அவள் வெகுநேரம் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க குடுத்தீய, நான் முழுங்குனேன். வேண்டாம்னு சொல்ல எனக்கும் வாய் இருந்துச்சு. பாதி என் மேல" என்றாள்.

எனக்கு மூச்சு வந்தது. அவள் முடிக்கவில்லை.

"எனக்கு வந்துச்சு, பிரமு இருந்தா. உங்க கடையில செட் வாங்குனவங்களுக்கு வந்தா யாருங்க இருக்கா?"

சொதிக் குழம்பைச் சூடு பண்ணப் போய்விட்டாள்.

செப்டம்பர் 4, திங்கள்

ஒரு மாதத்துக்குப் பிறகு கடை திறந்தேன். முதலில் வந்தது வாழைமண்டித் தெரு செல்லத்தாய். இடுப்பில் மூன்று வயதுப் பெண், மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது.

"அண்ணாச்சி, கடையப் பூட்டிட்டு எங்க போனீய? பாப்பாவுக்குக் காச்சல். எப்பமும் குடுக்க செட்ட உடைச்சுப் பாதியாக் குடுங்க."

காய்ச்சல் மருந்தை மட்டும் எடுத்து வைத்தேன். "இது போதும். ரெண்டு நாள்ல குறையலன்னா, இல்ல மூச்சு வாங்குனா டாக்டர்ட்ட காட்டணும்."

"கிருமி மாத்திர?"

"அது வேண்டாம்."

"போன மாசத்துக்கு முந்தின மாசம் குடுத்தீயள்லா? பொங்கலுக்கும் குடுத்தீய. இப்பம் மட்டும் என்ன?"

சட்டம் வந்துவிட்டது, இன்ஸ்பெக்டர் வருகிறார், சரக்கு இல்லை. மூன்று பொய் நாக்கு நுனியில் வந்து நின்றன. "தப்பாக் குடுத்துட்டேன் தாயி" என்றேன்.

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். மருந்தை எடுக்காமல், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எதிர்க்கடைக்குப் போய்விட்டாள். "ஒரு செட் குடுங்க" என்று அங்கே அவள் சொல்வது எனக்குக் கேட்டது. அவர்கள் உறை மடிப்பதும் தெரிந்தது.

நான் கல்லாவைப் பூட்டாமல் தெருவைத் தாண்டினேன். ஒரு கடைக்காரன் இன்னொரு கடை வாசலில் போய் நிற்கக் கூடாது, அது எங்கள் தொழிலில் எழுதாத கட்டுப்பாடு. எதிர்க்கடைக்காரர் கை உறையோடு அப்படியே நின்றார். அங்கே ஐந்தாறு பேர் இருந்தார்கள். அத்தனை பேர் முன்னாலும் சொன்னேன். இத்தனை வருஷம் என் கையால் உங்கள் எல்லாருக்கும் தப்பு மருந்து கொடுத்திருக்கிறேன், அதே தப்பில் என் பெண்டாட்டியைச் சாகக் கொடுக்க இருந்தேன், என் வயிற்றுக்குள்ளேயே மருந்துக்கு அடங்காத கிருமி இருக்கிறது, உங்கள் வயிற்றிலும் நான் போட்டு வைத்திருக்கலாம் என்று சொன்னேன். கொழுந்தியாளிடம் கேட்க முடியாத மன்னிப்பை நடுத்தெருவில் கேட்டேன்.

செல்லத்தாய்தான் பேசினாள்.

"மதினி இப்பம் நல்லா இருக்காவளா?"

தலையை மட்டும் ஆட்டினேன்.

எதிர்க்கடைக்காரர் நீட்டிய உறையை அவள் வாங்கவில்லை. பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, "எந்த டாக்டர்ட்ட போவணும்னு எனக்குத் தெரியாது. கூட வாங்க" என்றாள்.

நான் முன்னால் நடந்தேன். பிள்ளை இருமிக்கொண்டே வந்தது. கடை திறந்தபடியே கிடந்தது.